எமரால்டு சேவ் ஃபைலில் 72 டூப்ளிகேட் வரிகள்

பழைய போக்கிமான் எமரால்டு (கேம் பாய் அட்வான்ஸ் வீடியோ கேம்) கார்ட்ரிட்ஜில் நாங்கள் பிடித்து வைத்திருக்கும் போக்கிமான்களை எல்லாம் அடுத்த தலைமுறை ஆட்டத்துக்கு ஏற்றிவிட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. பள்ளிக்கூட நாட்களில் நானும் தங்கையும் அந்த ஒரே கார்ட்ரிட்ஜை மாறி மாறி ஆடினோம். ஒரே ட்ரெயினர் (ஆடுகிறவர்) பெயர், ஒரே சேவ் (ஆட்டத்தின் சேமித்த பதிவு), பிடித்தவற்றை வைக்கும் பாக்ஸ்களை மட்டும் பிரித்துக்கொண்டோம், முதல் ஏழு என்னுடையவை, அடுத்த ஏழு அவளுடையவை. இப்போது ஆட்டத்தைத் திறந்தால் உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அறிவிப்பு வருகிறது. எமரால்டில் அந்த பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான், சேவ் ஃப்ளாஷ் மெமரியில் இருக்கிறது, அதனால் ஒன்றும் போகவில்லை. ஆனாலும் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்த ஒரு சிப்பை இன்னும் எவ்வளவு நாள் நம்புவது என்ற கவலை இருந்தது.

முதலில் கார்ட்ரிட்ஜ் ரீடரில் போட்டு சேவ் ஃபைலை கம்ப்யூட்டருக்கு இறக்கினேன். 128 கேபி, அவ்வளவுதான். ஒருமுறை இறக்கியதோடு நிறுத்தாமல் கார்ட்ரிட்ஜைக் கழற்றி மாட்டி மறுபடியும் இறக்கி, இரண்டு ஃபைலும் பைட்டுக்கு பைட் ஒன்றுதானா என்று பார்த்தேன். பழைய கார்ட்ரிட்ஜின் காண்டாக்டில் அழுக்கு இருந்தால் இறக்கும்போதே ஒன்றிரண்டு பைட் மாறிவிடும், அது தெரியாமல் அதன் மேல் வேலை செய்தால் பிறகு எங்கே தப்பு என்றே கண்டுபிடிக்க முடியாது. ஒத்துப்போனதும் ஒரு பிரதியைத் தனி ஃபோல்டரில் போட்டு, படிக்க மட்டும் என்று பூட்டிவைத்தேன். கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்த ஃபோல்டர்தான்.

சேவைத் திறக்க பிகேஹெக்ஸ் என்ற எடிட்டரைப் பயன்படுத்தினேன். இந்த ஆட்டங்களின் சேவைத் திருத்துகிறவர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது அதைத்தான். எமரால்டில் 14 பாக்ஸ், ஒவ்வொன்றிலும் 30 இடம், மொத்தம் 420. எங்களுடையதில் 368 நிரம்பியிருந்தது. மொத்தமாக சரிபார்க்கச் சொன்னதும் ஒன்றை ஒன்று ஒத்திருப்பவை என்று ஒரு பட்டியலை நீட்டியது. அப்புறம் எல்லா பாக்ஸ் விவரத்தையும் ஒரே அட்டவணையாக வெளியே எடுத்து, பிஐடி எண்படி வரிசைப்படுத்தி, எண் ஒன்றாக இருக்கும் வரிகளுக்கு எல்லாம் சிவப்பு அடித்தேன். 32 தொகுப்பு, 72 வரி. ஐந்தில் ஒன்று!

இந்த பிஐடி என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. ஒரு போக்கிமான் உருவாகும்போது ஆட்டம் அதற்கு 32 பிட் எண் ஒன்றைப் போடுகிறது, 0-இலிருந்து சுமார் 429 கோடி வரை எதுவாகவும் இருக்கலாம். எமரால்டு சேர்ந்த மூன்றாம் தலைமுறையில் இது வெறும் வரிசை எண் கிடையாது. சுபாவம், பாலினம், இரண்டு திறன்களில் எது, ஷைனியா (அபூர்வ நிறமா) இல்லையா எல்லாமே இந்த எண்ணிலிருந்துதான் வருகின்றன. 25-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் சுபாவம், அதனால் பதின்ம எண்ணாக எழுதினால் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்தே சுபாவத்தைச் சொல்லிவிடலாம். 256-ஆல் வகுத்த மீதியை அந்த இனத்துக்கு உரிய எல்லையோடு ஒப்பிட்டால் பாலினம். ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதில் திறன். ஆக, இரண்டு வரிக்கு ஒரே பிஐடி என்றால், தற்செயலாக அப்படி அமைந்தது என்று சொல்ல வாய்ப்பு மிகக் குறைவு.

அதை விடவும் முக்கியமாக, இந்த எண் கூடவே பயணம் செய்யும். பால் பார்க் (பழைய ஆட்டத்தின் போக்கிமானை நான்காம் தலைமுறை ஆட்டம் வாங்கிக்கொள்ளும் இடம்) வழியாகப் போனாலும் அதே எண். ஆறாம் தலைமுறையில் ஒவ்வொரு போக்கிமானுக்கும் குறியாக்க மாறிலி என்று இன்னொரு எண் வந்தது, பழைய ஆட்டத்திலிருந்து வருகிறவற்றுக்கு அந்த இடத்தில் பழைய பிஐடியையே எழுதிவிடுவார்கள். நாங்கள் சின்ன வயதில் எடுத்த ஒரு குளோன் (அச்சு நகல்) போக்கிமான் ஹோம் என்ற இணையச் சேமிப்பகம் வரை போய்ச் சேர்ந்தாலும் தன் நெற்றியில் அதே எண்ணோடுதான் நிற்கும். இங்கேயே சரிசெய்துவிட வேண்டும் என்று நினைத்ததற்குக் காரணம் அதுதான்.

சரி, எண் ஒன்றாக இருப்பதுதானே பிரச்சினை, எண்ணை மாற்றிவிட்டால் தீர்ந்தது என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. 32 தொகுப்பிலும் ஒவ்வொன்றை விட்டுவிட்டு, மீதி 40-க்கும் புது ரேண்டம் எண் போடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, சேவின் பிரதி மேல் ஓட்டினேன். எமுலேட்டரில் (பழைய ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) திறந்து பார்த்தால் 40 இடத்திலும் பேட் எக், அதாவது கெட்டுப்போன முட்டை. யோசித்தால் காரணம் கண் முன்னாலேயே இருந்தது. பாக்ஸில் ஒரு போக்கிமானுக்கு 80 பைட். அதில் 48 பைட் பூட்டப்பட்டிருக்கும், பூட்டின் சாவி பிஐடியையும் ட்ரெயினர் ஐடியையும் எக்ஸார் செய்து (பிட் பிட்டாகக் கலந்து) வரும் எண். போதாததற்கு அந்த 48 பைட் நான்கு துண்டாகப் பிரிந்து, பிஐடியை 24-ஆல் வகுத்த மீதி சொல்கிற வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். பிஐடியை மட்டும் மாற்றினால் சாவியும் மாறுகிறது, அடுக்கும் மாறுகிறது, உள்ளே இருப்பதோ பழைய பூட்டிலேயே கிடக்கிறது. செக்சம் (உள்ளே இருப்பது சரியா என்று பார்க்கும் கூட்டுத்தொகை) ஒத்துப்போகாது, ஆட்டம் அதை முட்டை என்று காட்டிவிடும், அந்த முட்டையை விடுவிக்கவும் முடியாது. ஹெக்ஸ் எடிட்டரில் நேரடியாகக் கை வைக்க நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வையுங்கள்.

ஸ்கிரிப்டைத் திருத்தினேன். பழைய சாவியால் திறந்து, துண்டுகளைப் புது வரிசையில் அடுக்கி, புதுச் சாவியால் பூட்டச் சொன்னேன். இந்த முறை முட்டை இல்லை, எல்லாம் போக்கிமானாகவே வந்தன. எடிட்டரில் திறந்தேன். 40-இல் 35 சிவப்பு, அதாவது ஆட்டத்தில் இப்படி வர வழியில்லை.

இந்த இடத்தில்தான் ஒரு முழு நாள் உட்கார்ந்தேன். எமரால்டில் பிஐடியும் ஐவி எண்களும் (பிறவியிலேயே அமையும் பலங்களின் அளவு) தனித்தனியாக உருவாவதில்லை. ஆட்டத்துக்குள் ஒரு ரேண்டம் எண் ஓடிக்கொண்டே இருக்கிறது. இப்போது இருக்கும் எண்ணை 1103515245-ஆல் பெருக்கி, 24691-ஐக் கூட்டி, 32 பிட்டுக்கு மேல் போவதை வெட்டிவிட்டால் அடுத்த எண், அவ்வளவுதான் அதன் சூத்திரம். அந்த எண்ணின் மேல் பாதி 16 பிட்டை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அடுத்தடுத்த இரண்டு எண்களிலிருந்து பிஐடி, அதற்கு அடுத்த இரண்டிலிருந்து ஐவிகள், ஒவ்வொன்றிலும் மூன்று மூன்றாக, 0 முதல் 31 வரை. சில சந்திப்புகளில் நடுவே ஒரு எண் தவறும், அந்த வகைகளும் எடிட்டருக்குத் தெரியும். இந்தக் கணக்கைப் பின்னோக்கியும் போடலாம் என்பதால், ஐவிகளைக் கொடுத்தால் அதற்கு முன் எந்த பிஐடி வந்திருக்க முடியும் என்று சொல்லிவிட முடிகிறது. நான் போட்ட ரேண்டம் எண்ணுக்கும் பக்கத்தில் இருந்த ஐவிகளுக்கும் எந்த உறவும் இல்லை. அதனால்தான் சிவப்பு.

அப்படியானால் பச்சையாக வந்த அந்த ஐந்து? அவை ஐந்தும் முட்டையிலிருந்து பொரித்தவை. முட்டை விஷயத்தில் பிஐடி உருவாவது ஒரு நேரம், டே கேரில் (போக்கிமான்களை விட்டுவைத்து முட்டை வாங்கும் இடம்) முட்டையைக் கையில் வாங்கும்போது ஐவி முடிவாவது இன்னொரு நேரம், இரண்டுக்கும் இடையே தொடர்பு கிடையாது. அதனால் நான் சும்மா எழுதிவைத்த எண்ணை எடிட்டர் தப்பு என்று சொல்லக் காரணம் இல்லை. எனக்கு அந்த 35 சிவப்பை விட இந்த ஐந்து பச்சைதான் உறுத்தியது. சிவப்பு கணக்குத் தப்பு என்று சொல்கிறது, அது நியாயம். பச்சை, கணக்கு சரி என்று மட்டும் சொல்கிறது, நாங்கள் அதைப் பொரித்தோமா என்று அதற்கு எப்படித் தெரியும்? எங்கள் பாக்ஸில் இதுவரை இல்லாத ஐந்து உயிர்களை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து உருவாக்கிவிட்டு அவற்றுக்கு எங்கள் பெயரையும் போட்டிருக்கிறேன்.

ஸ்பிண்டா என்ற போக்கிமானைப் பார்த்த பிறகு மனம் முழுசாக மாறிவிட்டது. ரூட் 113-இல் சாம்பல் கொட்டும் புல்லில் தங்கை பிடித்தது. பெயர் பொட்டு, ஆங்கில எழுத்தில் தட்டியது. ஸ்பிண்டாவின் முகத்தில் நான்கு புள்ளிகள் இருக்கும், அந்த நான்கும் எங்கே விழ வேண்டும் என்பதை பிஐடிதான் தீர்மானிக்கிறது. பொட்டுவின் எண் 2050789860. கடைசி இரண்டு இலக்கம் 60, 25-ஆல் வகுத்தால் மீதி 10, அது டிமிட் சுபாவம். 256-ஆல் வகுத்த மீதி 228, ஸ்பிண்டாவுக்கு எல்லை 127, அதற்குக் கீழே போனால் பெண், இது ஆண். இதே எண்ணை நான்கு பைட்டாக உடைத்தால் 122, 60, 145, 228. ஒவ்வொரு பைட்டும் ஒரு புள்ளி. 228-ஐ 16-ஆல் வகுத்தால் ஈவு 14, மீதி 4. மீதி, புள்ளி பக்கவாட்டில் எவ்வளவு நகரும் என்பதற்கு, ஈவு, மேல்கீழாக எவ்வளவு என்பதற்கு. மற்ற இனங்களில் பெரும்பாலும் எண் மாறினால் உள்ளே ஏதோ மாறும். ஸ்பிண்டாவில் முகமே மாறும்.

என் ஸ்கிரிப்ட் ஓடிய சேவில் இருந்த பொட்டுவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, வேறு ஒன்றும் சொல்லாமல் தங்கைக்கு அனுப்பினேன். அரை நிமிஷத்தில் பதில்: "அண்ணா, இது யாரு? பொட்டு இல்ல இது." அவள் அதைக் கடைசியாகப் பார்த்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அந்த ஸ்கிரிப்டை அழித்துவிட்டு, பூட்டிவைத்த ஃபோல்டரிலிருந்து புதுப் பிரதி எடுத்து ஆரம்பத்திலிருந்து தொடங்கினேன். இந்த முறை எண்ணை எதிலும் மாற்றுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். 72 வரியையும் ஒவ்வொன்றாகப் படித்து, இது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு கை வைப்பது. அட்டவணையில் இனம், லெவல், அனுபவப் புள்ளி, நட்பு எண், ஈவிகள் (சண்டையில் சேரும் பலப் புள்ளிகள்), ரிப்பன் (பரிசுப் பட்டை), பிடித்த இடம், பிடித்த லெவல், பிடித்த பந்து இவற்றை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மூன்றாம் தலைமுறையில் பிடித்த தேதி பதிவாவதே இல்லை, அது நான்காம் தலைமுறையில்தான் வந்தது, அதனால் எது முந்தியது என்று தேதியை வைத்துச் சொல்ல வழியில்லை. மீதி விவரங்களிலிருந்துதான் ஊகிக்க வேண்டும்.

பெரிய பங்கு சுலபமாகக் கழன்றது. 48 வரி, 24 ஜோடி, ஒரு பாதி பாக்ஸ் 6-இல், மறு பாதி பாக்ஸ் 11-இல், அதே வரிசையில். பார்த்ததுமே ஞாபகம் வந்துவிட்டது. சில வருஷம் முன்பு இதே சேவை எமுலேட்டரில் போட்டு ஆடியபோது பாக்ஸ் 6-ஐக் காணோம் என்று பதறி, முன்பு வெளியே எடுத்துவைத்திருந்த பிரதியை பாக்ஸ் 11-இல் ஏற்றினேன், பாக்ஸ் 6 அதன் இடத்திலேயே இருந்தது. அப்படியே கார்ட்ரிட்ஜுக்கும் எழுதிவிட்டேன் போல. 24-இல் 21 ஜோடி பைட்டுக்கு பைட் ஒன்று, அதில் யோசிக்க ஒன்றுமில்லை, பாக்ஸ் 11-இல் இருந்ததைக் காலி செய்தேன். மூன்று ஜோடியில் மட்டும் பாக்ஸ் 6-இல் இருந்தவை அதற்குப் பிறகு கொஞ்சம் ஆடியிருந்தன, அனுபவமும் நட்பும் கூடியிருந்தன, அவற்றை வைத்துக்கொண்டேன்.

அடுத்து, நாங்களே தெரிந்து எடுத்த குளோன்கள். எமரால்டில் பேட்டில் டவர் கவுண்டரில் ஒரு ஓட்டை உண்டு. வழக்கமாக சேவ் செய்யும்போது பாக்ஸ் உட்பட எல்லாமே எழுதப்படும். அந்தக் கவுண்டரில் இணைப்புக்கு முன் நடக்கும் சேவ், கையில் இருக்கும் அணியை எழுதும், பாக்ஸைத் தொடாது. எனவே போக்கிமானை பாக்ஸில் வைத்து ஒருமுறை சேவ், பிறகு அதை வெளியே எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போய் அங்கே சேவ், உடனே பவரை நிறுத்து. மறுபடி திறந்தால் கையிலும் ஒன்று, பாக்ஸிலும் ஒன்று, பிடித்திருந்த பொருளோடு சேர்த்து. இப்படி வந்தது 7 தொகுப்பு, 21 வரி.

அதில் ஒரு தொகுப்பு மட்டும் 9 வரி, எல்லாம் ஒரே ஸிக்ஸகூன். லெவல் 3, ஒருநாளும் சண்டைக்குப் போனதில்லை, ஒன்பதின் நட்பு எண்ணும் ஆரம்பத்தில் இருந்த அதே 70. ஒவ்வொன்றின் கையிலும் ஒரு மாஸ்டர் பால், எந்தப் போக்கிமானையும் தப்பாமல் பிடிக்கும் பந்து. அந்த ஸிக்ஸகூன் பொருளைச் சுமக்க மட்டுமே பயன்பட்டது, பாவம். ஒன்பதில் எது அசல் என்று கண்டுபிடிக்கவே முடியாது, அப்படி ஒரு வித்தியாசமே கிடையாது, முதலில் இருந்ததை வைத்துக்கொண்டு எட்டை விடுவித்தேன். மாஸ்டர் பாலுக்கு அடையாள எண் எதுவும் இல்லை, அது எத்தனை இருந்தாலும் எந்தக் கருவியும் பிடிக்காது. ஆனால் எங்களுக்கு அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், அதனால் ஒன்றை மட்டும் வைத்தேன். இதை எடிட்டரில் செய்யாமல் ஆட்டத்துக்குள் போய் ஒவ்வொன்றாக விடுவித்தேன். ஒவ்வொரு முறையும் பை-பை ஸிக்ஸகூன் என்று வந்தது. எட்டு தடவை அதைப் படித்தது எனக்கு வேண்டியிருந்தது.

நான்கு ஜோடி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஒன்று வளர்ந்திருந்தது, மற்றது அப்படியே கிடந்தது, வளர்ந்ததை வைத்தேன்.

மூன்று வரி மட்டும் தனியாக நின்றது. ரெஜிராக், ரெஜிஐஸ், ரெஜிஸ்டீல், மூன்றுக்கும் ஒரே பிஐடி, ஐவிகள் ஆறும் ஒன்று. முதல் தடவை ஸ்கிரிப்ட் ஓட்டியபோது இவற்றில் இரண்டையும் டூப்ளிகேட் கணக்கில் சேர்த்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இவை மூன்றும் அசல். இனம் வேறு, பிடித்த இடம் வேறு: டெசர்ட் ரூயின்ஸ், ஐலண்ட் கேவ், ஏன்ஷியன்ட் டூம். ஒன்றை குளோன் செய்து இன்னொன்றாக மாற்ற ஆட்டத்தில் வழியே இல்லை. அப்படியானால் எண் எப்படி ஒன்றாயிற்று? எமரால்டில் அந்த ரேண்டம் எண் ஒவ்வொரு முறை ஆட்டத்தைத் திறக்கும்போதும் 0-இலிருந்தே தொடங்குகிறது. ரூபியிலும் சஃபையரிலும் கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கும், எமரால்டில் அது இல்லாமல் போய்விட்டது. ஒரு நொடிக்கு சுமார் 59.7 ஃபிரேம், சும்மா நிற்கும்போது ஃபிரேமுக்கு ஒருமுறை எண் நகரும். எனவே திறந்ததிலிருந்து சரியாக இத்தனையாவது ஃபிரேமில் பட்டனை அழுத்தினால் இன்ன எண் வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். கல்லூரி விடுமுறையில் டைமரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் அதைத்தான் செய்தேன். நல்ல ஐவி வரும் ஒரு ஃபிரேமைத் தேர்ந்து, மூன்று ரெஜிக்கும் அதே ஃபிரேமைக் குறிவைத்தேன். நகராமல் ஒரே இடத்தில் நிற்கிற போக்கிமான்களுக்கு இனம் எதுவாக இருந்தாலும் அதே ஃபிரேமில் அதே பிஐடி, அதே ஐவிதான் விழும். ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு பிசகினால் போச்சு, ரெஜிஐஸுக்கு மட்டும் இரண்டு ராத்திரி ஆனது.

எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்திருந்தால் அந்த இரண்டு ராத்திரியும் போயிருக்கும். அட்டவணையில் மூன்றுக்கும் சிவப்பை எடுத்துவிட்டு, பக்கத்தில் குறிப்பு எழுதினேன்: மூன்றும் அசல், ஒரே ஃபிரேம்.

மிச்சம் இரண்டு ஜோடி. பொட்டுவும் இரும்பனும். இவற்றைத் தங்கையைக் கேட்காமல் தொட முடியாது, அதனால் வீடியோ காலில் திரையைப் பகிர்ந்து காட்டினேன்.

பொட்டு விஷயம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ஒன்றின் நட்பு எண் 255, அதற்கு மேல் ஏறாது. மற்றது 94. அவளுடைய பாக்ஸில் இருந்ததுதான் 255. என்னுடையதை நான் வாங்கி வைத்துக்கொண்டேனே தவிர ஆடவே இல்லை. என் பிரதி போனது.

இரும்பன் அப்படி இல்லை. சாம்பியனான பிறகு மாஸ்டீப்பில் ஸ்டீவன் வீட்டில் லெவல் 5 பெல்டம் ஒன்று கிடைக்கும், ஒரு சேவுக்கு ஒன்றே ஒன்று. இரண்டு பேருக்கும் வேண்டும் என்று சண்டை போட்டு, கடைசியில் அந்தக் கவுண்டருக்குப் போய் இரண்டாக்கினோம். பெயரும் இரண்டுக்கும் இரும்பன்தான். அதற்குப் பிறகு இரண்டும் வேறு வேறு வாழ்க்கை வாழ்ந்திருக்கின்றன. என்னுடையது லெவல் 100, ஈவிகள் 510 முழுசாக, சாம்பியன் ரிப்பன். அவளுடையது லெவல் 62, ஆனால் கூல் கான்டெஸ்டில் நார்மலிலிருந்து மாஸ்டர் வரை நான்கு ரிப்பனும் வாங்கியிருக்கிறது. அதற்குப் போக்கிபிளாக் (போட்டிக்குத் தயார்செய்யும் தின்பண்டம்) ஊட்டி ஊட்டி ஷீன் (எவ்வளவு தின்றது என்ற கணக்கு) 255 ஆகிவிட்டது, இனி அது ஒரு துண்டுகூட வாங்காது. பெல்டம் வளர்ந்து ஆகும் மெட்டாக்ராஸைக் கூட்டிக்கொண்டு போய் கூல் போட்டியில் ஜெயித்திருக்கிறாள்! இது எனக்குத் தெரியவே தெரியாது.

"ரெண்டையும் ஒண்ணா ஆக்க முடியாதா?" என்றாள்.

முடியும். எடிட்டரில் அவளுடைய இரும்பனைத் திறந்து, சாம்பியன் ரிப்பனுக்கு நேரே ஒரு டிக் அடித்தால் போதும். சரிபார்ப்பில் பச்சைதான் வரும், யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது. கர்சரைக் கொண்டுபோயும் விட்டேன். ஆனால் அந்த ஐந்து பச்சை முட்டைகள் கண்ணை விட்டுப் போகவில்லை. அவளிடம் அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நானே போய் வாங்கிட்டு வரேன்" என்றாள்.

எமரால்டில் எலீட் ஃபோரை (சாம்பியனுக்கு முன் வரும் நான்கு வலுவான எதிரிகள்) எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுபடி எதிர்கொள்ளலாம், ஒவ்வொரு தடவையும் அணியில் இருந்து ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போகிறவற்றில் யாரிடம் அந்த ரிப்பன் இல்லையோ அவற்றுக்குக் கிடைக்கும். லெவல் 100 இரும்பனை நீக்கிவிட்டு சேவை அவளுக்கு அனுப்பினேன். அந்த லெவல் 100 இப்போதும் பூட்டிவைத்த பழைய ஃபைலுக்குள் இருக்கிறது, அங்கிருந்து எங்கும் போகாது. அவள் தன் கம்ப்யூட்டரில் எமுலேட்டரில் போட்டு, மூன்று மாலை ஆடினாள். இரண்டு தடவை சாம்பியன் வாலஸிடம் போய்த் தோற்றிருக்கிறாள். அவனுடைய மைலோட்டிக் லெவல் 58தான், ஆனால் தன்னைத் தானே குணப்படுத்திக்கொண்டே இருக்கும், அடித்து முடிப்பது பெரும்பாடு. மூன்றாம் தடவை ஜெயித்துவிட்டு ரிப்பன் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பினாள். ஐந்து ரிப்பன்.

திரும்பி வந்த சேவைக் கார்ட்ரிட்ஜில் எழுதுவதற்கு முன் மறுபடி ஒரு அட்டவணை எடுத்தேன். 330 வரி. பிஐடிபடி வரிசைப்படுத்தினால் ஒரே எண் வரும் இடம் ஒன்றுதான், அந்த மூன்று ரெஜி. எழுதிய பிறகு கார்ட்ரிட்ஜிலிருந்தே திரும்ப இறக்கி, எழுதியதும் இறக்கியதும் ஒன்றா என்றும் பார்த்தேன்.

பால் பார்க்குக்கு இரண்டு துளையும் உள்ள பழைய டிஎஸ் வேண்டும், மேலே நான்காம் தலைமுறை ஆட்டம், கீழே எமரால்டு. ஒரு தடவைக்கு ஆறு போகலாம், போனால் திரும்பி வராது. ஹெச்எம் வித்தை (சண்டைக்கு வெளியே வழியைத் திறக்கவும் உதவும் சிறப்பு வித்தை) தெரிந்த எதையும் எடுத்துக்கொள்ளாது, அதுவும் ஆட்டத்தில் ஹெச்எம்மை சாதாரணமாக மறக்கவைக்க முடியாது. இரும்பனுக்கு அவள் ஸ்ட்ரெங்த் என்ற ஹெச்எம்மைக் கற்றுக்கொடுத்திருந்தாள். லிலிகோவில் மூவ் டிலீட்டர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் அதை எடுக்கவைத்தேன்.

முதல் ஆறு நேற்று ராத்திரி போய்ச் சேர்ந்தன. இரும்பன், பொட்டு, மூன்று ரெஜி, அப்புறம் அந்த ஸிக்ஸகூன். போனதும் முதலில் பொட்டுவின் பக்கத்தைத் திறந்து ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். இந்த ஆட்டத்தில் படம் வேறு மாதிரி வரைந்திருக்கிறார்கள், நிற்கிற தோரணை வேறு, ஆனால் நான்கு புள்ளியும் அதே இடத்தில். "ஆமா, இதுதான்" என்று பதில் வந்தது.